மாதம் ஒருமுறை எடை

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம், முதியவர்களின் வீட்டு வாசலுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போகவேண்டிய கொல்லிமலையில் அதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. அங்குள்ள முதியவர்களுக்கு மாதம் ஒருமுறை எடையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்பது என் கட்சி. தானாகவே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் 5 சதவீதம் எடை குறைந்தால் காரணம் தேடவேண்டும் என்கிறது மருத்துவம். 44 கிலோ மூதாட்டிக்கு அது வெறும் 2.2 கிலோ, சேலைக்குள் கண்ணுக்கே தெரியாது. காசநோய், கட்டுப்படாத சர்க்கரை, புற்றுநோய், பல் போய்க் குறைந்த சாப்பாடு, மனச்சோர்வு என எதுவும் அதன் பின்னால் இருக்கலாம்.

மேடும் பள்ளமும் நடக்கிற கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் இயல்பிலேயே ஒல்லி, அவர்களுக்கு எதற்கு இது என்பார்கள். ஒல்லியாக இருப்பது வேறு, ஒல்லியாகிக்கொண்டே போவது வேறு. மெலிந்த உடலில் இழப்பதற்குக் கையிருப்பும் குறைவு. அப்படியானால் தினமும் பார்க்கலாமே? குடித்த நீரும் உண்ட சோறுமே ஒரு நாளில் ஒரு கிலோ வரை ஏற்றி இறக்கும். வீண் கவலைதான் மிச்சம். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் விதிவிலக்கு: ஓரிரு நாளில் 2 கிலோ கூடினால் உடலில் நீர் கோத்திருக்கலாம் என்பதால் அவர்கள் தினமும் காலையில் பார்க்கவேண்டும். கருவிக்கு எங்கே போவது என்றால், கர்ப்பிணிகளுக்காக அங்கன்வாடியில் இருப்பதையே மாதம் ஒரு காலைப்பொழுது முதியோருக்கும் தரலாம்.