ஹாபீல் சொன்ன விடை

ஆதம் (அலை) அவர்களின் இரு மக்களது வரலாற்றை அறியாத முஸ்லிம் இல்லம் இராது. காணிக்கை ஏற்கப்பெறாத பொறாமையால் காபீல் தன் உடன்பிறப்பைக் கொன்றான். புதைக்கும் வழியைக் காகம் காட்டிற்று. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது காகத்தை நாம் விடுவதில்லை. ஹாபீல் மொழிந்த விடையைத்தான் விட்டுவிடுகிறோம்! அவன் கொல்லக் கை நீட்டினும், தாம் அவனைக் கொல்லக் கை நீட்டப் போவதில்லை என்றும், அகிலத்தாரின் இரட்சகனைத் தாம் அஞ்சுவதாகவும் அவர் கூறியதைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் எடுத்தோதுகிறது.

இவ்விடையையே வாழ்நாளெல்லாம் பற்றி நின்றவர் சிரியா நாட்டு அறிஞர் ஜவ்தத் ஸயீத். 1931-இல் கோலான் பகுதியில் பிறந்து, கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் பயின்றவர். 1966-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே ‘ஆதமின் முதல் மகனின் வழி’ என்பதாகும். ஆயுதத்தால் ஆட்சியைப் பிடித்து மார்க்கத்தை நிலைநாட்டலாம் என்னும் எண்ணம் இளைஞர் சிலரைக் கவர்ந்திருந்த காலத்தில் அவர் அதனை மறுத்தெழுதினார். சிறையும் கண்டார்.

அவ்வாறாயின் பத்ரும் உஹதும் என்னாயின என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவில் பதின்மூன்று ஆண்டுகள் அடியும் ஏச்சும் பொறுத்தார்கள். யாஸிரும் சுமைய்யாவும் (ரலி) கொல்லப்பட்டபோதும் வாளெடுக்க அனுமதியில்லை. மதீனா மக்கள் வற்புறுத்தலின்றித் தாமே முன்வந்து ஏற்றுக்கொண்ட பின்னரன்றோ போர் அனுமதிக்கப்பட்டது? மக்களின் இசைவால் அமைந்த சமுதாயத்துக்குரிய அந்த உரிமையை, ஆட்சியைப் பிடிக்கப் புறப்படும் கூட்டம் தனதாக்கிக்கொள்ள இயலாது என்பதே ஜவ்தத்தின் வாதம். முஸ்லிம்கள் தமக்குள் மோதும் குழப்பக் காலத்தில் ஆதமின் நல்ல மகனைப் போலிருக்கச் சொல்லும் நபிமொழி அபூதாவூதிலும் உண்டு. ஹிஜ்ரி 35-இல் தம் இல்லம் முற்றுகையிடப்பட்டபோது, தமக்காக வாளேந்த வந்தோரை உஸ்மான் (ரலி) அவர்கள் தடுத்துவிட்டதையும் எண்ணிப் பாருங்கள்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பாரும் உளர். 2011-இல் டமாஸ்கஸை அடுத்த தாரய்யா நகர இளைஞர்கள், தம்மை எதிர்த்து நின்ற இராணுவத்தினர்க்கு மலரும் நீரும் வழங்கினர். அவர்களுள் ஒருவரான கியாத் மதர் அதே ஆண்டு செப்டம்பரில் காவலில் உயிரிழந்தார். பின்னர் நாடு முழுவதும் ஆயுதம் பேசிற்று. தாரய்யாவும் முற்றுகைக்குள்ளாகி, 2016-இல் மக்கள் வெளியேற்றப்பட்டனர். மலர் தோற்றதென்று இதைச் சொல்வோர், துப்பாக்கி எதை வென்றதென்றும் சொல்லட்டும். ஹாபீலும் கொல்லப்பட்டவரே; ஆயினும் நஷ்டவாளி என்று இறைமறை குறிப்பது கொன்றவனையே.

ஜவ்தத் ஸயீத் 2022 ஜனவரியில் இஸ்தான்புல்லில் காலமானார். அரபு பயிலும் நம் மதரஸா மாணவர்கள் அவருடைய நூலைத் தேடிப் படிக்க வேண்டும். உடன்பாடில்லாத இடங்களை ஆதாரத்துடன் மறுத்தும் எழுதட்டும்.