பூட்டும் ரசப்பொடியும்

அக்கா மகள் ஜூன் மாசம் ஆபீஸ் வேலையாக ஸ்வீடன் போகிறாள். "சித்தி, ஸ்டாக்ஹோமில் தனி ரூம் வேண்டாம். நாலு பேரோட பழகுற ஹாஸ்டல்தான் வேணும்" என்கிறாள். அக்காவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. திண்டுக்கல்லிலேயே எட்டு மணிக்கு மேல் பெண்ணை வெளியே அனுப்பாதவள்!

நான் பெண் பக்கம்தான். தெரியாத ஊரில் ராத்திரி காய்ச்சல் கண்டால், பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி இருப்பது எவ்வளவு தைரியம்! ஆனால், ஆணும் பெண்ணும் கலந்து தங்கும் அறைகளும் அங்கே உண்டு. பெண்களுக்கான அறையா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுச் சமையலறை இருந்தால் நல்லது. ரசம் கொதித்தால் சிநேகிதம் தானே வரும்!

1888-ல் கட்டிய 'ஆஃப் சாப்மன்' என்ற பாய்மரக் கப்பலையே 1949-ல் விடுதியாக்கினார்களாம்.

ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும். 1883-ல் தொடங்கிய க்ரோனா லுண்ட் கேளிக்கைப் பூங்காவில் சாயங்காலக் கச்சேரிகளும் உண்டு. "போ, பாரு. குடிக்கிற கிளாஸை வச்சுட்டு நகராதே. ஆபத்துன்னா 112" என்றேன்.

ஹாஸ்டல் லாக்கருக்குப் பூட்டு பெரும்பாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இதைச் சொன்னதுதான் தாமதம், அக்கா பரணிலிருந்து மாங்காய்ப் பூட்டை இறக்கிவிட்டாள்! "அது வளையத்துல நுழையாதுக்கா, சின்னதா வாங்கு" என்றேன். முழுச் சம்மதம் இன்னும் வரவில்லை. ரசப்பொடிக்கு மட்டும் மல்லி காய்கிறது.