புரோகிராமைப் படிக்கத் தெரியுமா நமக்கு?



நாம் எல்லோரும் புரோகிராம் எழுதுகிறோம். அப்சர்வேஷன் நோட்டில் ஒரு முறை, ரெக்கார்டில் ஒரு முறை. ஆனால் படிக்கத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. செய்முறைத் தேர்வில், மனப்பாடமாக எழுதிய ‘சி’ புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, “இப்போ அவுட்புட் என்ன வரும்?” என்று கேட்டார்கள். விழித்தேன். எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். ‘நம்ம வீட்டுக்கு இதெல்லாம் ஒத்து வராது போல’ என்று அன்றிரவு அழுகையே வந்துவிட்டது.

பிறகுதான் கண் அசைவு ஆராய்ச்சி பற்றி அறிந்தேன். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை; கால் விநாடி அளவு நிற்கிறது, பின் தாவுகிறது. அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, அதன் பிரதிபலிப்பைக் கொண்டு கேமரா அந்த இடங்களைக் கண்டுபிடிக்கிறது. மனிதர் அல்காரிதத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்று 1990-லேயே மார்த்தா கிராஸ்பியும் யான் ஸ்டெலோவ்ஸ்கியும் இப்படி ஆராய்ந்து எழுதினார்கள். 2015-ல் தெரேசா புஸ்யான் குழுவினர் கண்டது இது: புதியவர்கள்கூட உரைநடையைப் போல அத்தனை வரிசையாகப் புரோகிராமைப் படிப்பதில்லை, அனுபவசாலிகள் அதைவிடவும் வரிசை மாறிப் படிக்கிறார்கள்.

அந்தக் கருவி நம் லேபில் கிடையாது. ஆகவே ஆறு நண்பர்களிடம் பத்து வரி புரோகிராமைக் கொடுத்து, பார்க்கும் வரியைப் பென்சிலால் தொடச் சொன்னேன். வரி எண்களைக் குறித்தேன். மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக வந்த நால்வருக்கும் விடை தப்பு. லூப்புக்குள் மறுபடி மறுபடி ஏறி இறங்கிய இருவருக்குத்தான் சரி. பென்சில் கண் ஆகாது, ஆறு பேர் ஆராய்ச்சி ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நானும் அந்த நால்வர் கட்சிதான் என்று புரிந்தது.

அப்பா நெசவாளி. தறியில் ஓர் இழை அறுந்தால் அவர் கண் நேரே அங்கே போகும். “எப்படிப்பா?” என்றால், “பாத்துப் பாத்துப் பழகுனதுதான்டா” என்பார். தறியை நோட்டில் படம் வரைந்து அவர் கற்கவில்லை.

எனவே என் கருத்து: வாரம் ஒரு லேப் வகுப்பு, புரோகிராம் படிப்பதற்கென்றே வேண்டும். முன்பின் பாராத புரோகிராமைக் கொடுத்து, தாளிலேயே விடை காணச் சொல்லட்டும். தாம் முதலில் எங்கே பார்க்கிறோம் என்பதை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லட்டும். ரெக்கார்டு அழகுக்கு மார்க் உண்டென்றால் இதற்கு இருக்கக் கூடாதா? நம் மாணவர் பேரவை இதைத் துறைத்தலைவரிடம் கேட்க வேண்டும்.

‘மண்டையில ஏறல’ என்று ஒதுங்கும் நண்பா! குறை மண்டையில் இல்லை. கண்ணுக்கு யாரும் வழி காட்டவில்லை, அவ்வளவுதான். பழகினால் வரும்!