தீபாவளிக்கு மறுநாள் மிஞ்சும் பட்டாசு



தீபாவளிக்கு மறுநாள் காலையில் பட்டாசுக் கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே எத்தனை பெட்டி மிஞ்சியது என்று சொல்லிவிடலாம். மளிகைச் சரக்கு தேங்கினால் அடுத்த வாரம் போகும். ஜவுளி தேங்கினால் பொங்கலுக்குப் போகும். பட்டாசோ முதல் நாள் இரவு வரை பொன்; விடிந்தால் தலைச்சுமை. நாற்பது வருடங்களாகக் காவிரிக் கரையில் மொத்த வியாபாரம் செய்து வரும் நாங்கள் இதில் பட்டதும் படித்ததும் கொஞ்சமல்ல. அதனால்தான் இந்தப் பகுதியில் நாலு வார்த்தை எழுதத் துணிந்தோம்.

"கெட்டுப் போகிற பொருளா என்ன? அடுத்த வருடம் விற்றுக் கொள்ளலாம்" என்று சொல்லாத கடைக்காரர் இல்லை. நாங்களும் சொன்னவர்கள்தான். அந்தக் கணக்கைக் கடைசி வரி வரை போட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு.

வரி நீங்கலாக ஒரு லட்சம் ரூபாய் அடக்கத்துக்குச் சரக்கு மிஞ்சியது என்று வைத்துக் கொள்வோம். உடனே நூற்றுக்கு எழுபது என்று தள்ளினால் முப்பதாயிரம் நட்டம். வயிறு எரியத்தான் செய்யும். பதினோரு மாதம் வைத்திருந்தால் என்ன ஆகும்? மாதம் ஒன்றரை வட்டி என்றாலே 16,500 ரூபாய். நமுத்துப் போவது நூற்றுக்குப் பதினைந்து என்றால் 15,000. நமுத்ததைக் கழித்து அழிக்கும்போது, அதற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு. பட்டாசுக்கு வரி 18 சதவீதம், ஆகவே இன்னொரு 2,700. மீதி 85,000 ரூபாய்ச் சரக்கைப் பழைய லேபிள் என்று பத்து சதவீதம் குறைத்துத்தான் கேட்பார்கள், அதில் 8,500. கூட்டினால் 42,700 ரூபாய். இதில் கிட்டங்கி வாடகையும் ஆள் கூலியும் சேரவில்லை. நட்டத்துக்கு விற்றாலும் வரி வரவு நம் கையில் நிற்கும், அழித்தால் நிற்காது என்பதைப் பலர் ஆடிட்டர் சொன்ன பிறகுதான் தெரிந்து கொள்கிறார்கள்.

2005 ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி தீபாவளி. அதற்கு முந்தைய வாரம் பெய்த மழையை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைத்தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எங்களிடம் தேங்கிய பெட்டிகளை விலை குறைக்க மனம் வராமல் அப்படியே வைத்தோம். மறு வருடம் புதுச் சரக்கோடு கலந்து அனுப்பினோம். தீபாவளி முடிந்த மூன்றாம் நாள், பல வருடங்களாக எங்களிடம் வாங்கி வந்த கிராமத்துக் கடைக்கார அம்மா ஒரு பையோடு வந்தார். "முதலாளி, நீங்க குடுத்த புஸ்வாணம் புகையோட நின்னு போச்சு. சீட்டுக் கட்டுன புள்ளைங்க மொகத்த எப்படிப் பாக்கறது?" என்றார். சண்டை போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், வாங்கிக் கொண்டார். அதன் பிறகு அவர் எங்கள் படி ஏறவில்லை. அறுபது பேர் பட்டாசுச் சீட்டு நடத்தியவர். அந்த நட்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தற்காலிக உரிமம் தேதி முடிந்ததும் முடிந்தது. அதன் பிறகு கடையில் ஒரு பெட்டி இருந்தாலும் அது உரிமம் இல்லாத வெடிபொருள். துப்பாக்கி மருந்து விற்கும் கடைக்கும் பட்டாசு விற்கும் கடைக்கும் உரிமப் படிவம் எல்.இ.5 ஒன்றேதான், சட்டத்தின் கண்ணில் நாம் விற்பது விளையாட்டுச் சாமான் அல்ல. அப்படியிருக்க, மிஞ்சியதை வீட்டுப் பரணில், மாடிப்படிக்குக் கீழே, சில சமயம் சமையலறைக்கு அடுத்த அறையில் போட்டு வைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் அது நமுத்துப் போவதோடு நிற்பதில்லை. உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கவும் கூடும். 2021 அக்டோபரில் சங்கராபுரத்திலும், 2023 அக்டோபரில் ஓசூரை அடுத்த அத்திப்பள்ளியிலும் பட்டாசுக் கடைகளில் பிடித்த தீயில் எத்தனை பேர் போனார்கள் என்று நாடறியும். அத்திப்பள்ளியில் இறந்தவர்களில் பலர் பண்டிகைக் கால வேலைக்குப் போன நம் ஊர் இளைஞர்கள். அவை இரண்டும் பண்டிகைக்கு முன்பு, ஆட்கள் காவல் இருந்த கடைகளிலேயே நடந்தவை. பரணில் கிடப்பதை யார் காவல் காக்கிறார்கள்?

சட்டமும் நமக்காகக் காத்திருப்பதில்லை. 2018 அக்டோபர் 23 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த ரகங்களுக்கும் தடை விதித்தது. தீபாவளிக்குச் சரியாகப் பதினான்கு நாள் இருந்தது. முந்தைய வருடச் சரவெடியை "இந்த வருடம் விற்கலாம்" என்று வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் அது செல்லாக் காசு. 2020 நவம்பரில் தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு டெல்லி வட்டாரத்தில் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டபோது, வடக்கே சரக்கு அனுப்பியவர்கள் பட்ட பாடு தனி.

சரி, எங்கேதான் விற்பது? முதலில் காலண்டரைப் பாருங்கள். தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் நடுவே உள்ள நாட்கள் வருடத்துக்கு வருடம் மாறும். 2023 இல் பதினான்கே நாள். 2024 இல் 43, 2025 இல் 44 நாள். இடைவெளி குறைவான வருடம் மக்கள் கையில் தீபாவளி மிச்சமே இருக்கும், புதிதாக வாங்க மாட்டார்கள். நாற்பது நாள் இடைவெளி விழும் வருடம் கார்த்திகைக்குப் புஸ்வாணம், சங்கு சக்கரம், கம்பி மத்தாப்பு தாராளமாகப் போகும். கூட்டு வெடிகளும் வாணங்களும் கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, கல்யாணம், கோயில் திருவிழா என்று நகரும். சித்திரை விஷுவுக்கு வெடிக்கிற பழக்கம் கேரளத்தில் உண்டு. அங்கே தொடர்புள்ள மொத்த வியாபாரிகள் தை மாதத்திலேயே பேசி விட வேண்டும். கிஃப்ட் பாக்ஸ்தான் தலைவலி. பண்டிகை முடிந்த பின் யாரும் அன்பளிப்பு வாங்குவதில்லை. அதைப் பிரித்துத் தனித்தனியாகக் கட்டி விற்கலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். கடைக்குள் செய்கிற வேலை அல்ல அது. பெட்டியோடு பாதி விலைக்குக் கொடுத்து விடுங்கள்.

ஆனால் இவை எல்லாம் வருடம் முழுவதற்கும் உரிமம் உள்ளவர்களுக்குத்தான். தற்காலிகக் கடைக்காரர் என்ன செய்வார்? இங்கேதான் மொத்த வியாபாரிகளான நம் குற்றம் வருகிறது. பண்டிகை நெருங்க நெருங்க, "எடுத்துப் போங்க, பார்த்துக்கலாம்" என்று போகாத ரகத்தையும் சேர்த்துச் சில்லறைக்காரர் தலையில் கட்டுகிறோம். பார்த்துக்கொள்வது யார்? அவர் உரிமத் தேதி முடிந்த மறுநாள் போன் செய்தால் நாம் எடுப்பதில்லை. அவர் பரணுக்கு ஏற்றுகிறார். அந்தப் பரணுக்கு வழி காட்டியவர்கள் நாம்தான்.

சில வருடங்களாக எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பிரிக்காத, நனையாத கேஸ் என்றால் தீபாவளி முடிந்து மூன்று நாளுக்குள், அவருடைய உரிமத் தேதி தாண்டுவதற்கு முன்பே, பில்லோடு நூற்றுக்கு எண்பது விலையில் திரும்ப எடுத்துக் கொள்கிறோம். அதற்கென்று எங்கள் கிட்டங்கியின் உரிம அளவில் இடம் விட்டே கொள்முதல் செய்கிறோம். பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. திரும்பி வருவது நமக்குத்தான் என்று தெரிந்த பிறகு எங்கள் பையன்கள் யார் தலையிலும் எதையும் கட்டுவதில்லை. அதனால் வருடத்துக்கு வருடம் திரும்புவதே குறைந்திருக்கிறது. ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் விலைப்பட்டியல் வெளியாகும்போது, சீட்டுச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று சில்லறைக்காரரிடம் கேட்டு, அந்த எண்ணிக்கையை வைத்தே முதல் ஆர்டர் போடுகிறோம். பேன்சி ரகம் ஆசை காட்டும். அதைக் கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிப் போடுகிறோம், கொஞ்சம் விலை கூடினாலும் சரி.

நமுத்துப் போனதைக் குப்பை வண்டியில் போடுவதும், மொத்தமாகக் கொளுத்துவதும் வேண்டாம். வெடிபொருள் துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தெரிவித்து, அவர்கள் சொல்கிறபடி அழியுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் மாவட்டந்தோறும் பட்டாசு வியாபாரிகள் கூட்டம் ஒன்று நடத்தலாம். சரக்கு எதையும் கொண்டு வர வேண்டாம். எந்த ரகம், எத்தனை கேஸ், என்ன அடக்கம் என்ற பட்டியலும் உரிம நகலும் போதும். ஒருவரிடம் தேங்கிய சக்கரம் இன்னொருவருக்குக் கார்த்திகைக்குத் தேவைப்படும். எங்கள் ஊரில் நடத்த முன்வந்தால் மண்டப வாடகையும் மதிய உணவும் எங்கள் கடைப் பொறுப்பு.