வேலைக்கு மட்டும்தானா தர்க்கம்?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ ரயில் ஏறும் கல்லூரி மாணவர்களின் பையைத் திறந்து பாருங்கள். பாதிப் பேரிடம் ஒரு ஆப்டிட்யூட் புத்தகம் இருக்கும். "எல்லாப் பேனாக்களும் நாற்காலிகள். சில நாற்காலிகள் மேசைகள். ஆகவே சில பேனாக்கள் மேசைகள். சரியா, தவறா?" தவறு என்று பத்து நொடியில் டிக் அடித்துவிடுவார்கள். கேம்பஸ் இண்டர்வியூவுக்கும் வங்கித் தேர்வுக்கும் அது வேண்டும்.

அப்படி டிக் அடிக்கத் தெரிந்த தம்பி ஒருவன் சென்ற மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்கு முகம் வாடி வந்தான். வகுப்பில் சக மாணவன் ஒருவன், "இட ஒதுக்கீடு இருப்பதால்தான் சாதி இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சாதி தானாகப் போய்விடும்" என்றானாம். ஆசிரியரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாராம். இவனுக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டான்.

தம்பி, உன் கோபத்தில் தவறே இல்லை. ஆனால் நீ வெளியே வந்த பிறகு, அந்த வகுப்பில் மிச்சம் இருந்தவர்கள் காதில் எந்த வாக்கியம் தங்கியது? அவன் சொன்னதுதான். பேனாவையும் மேசையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த உனக்கு, உன் மீது எறியப்பட்ட வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை. அதுதான் என் கோபம்.

இப்போது பிரிப்போம். இட ஒதுக்கீடு காரணம், சாதி விளைவு என்கிறான். காரணம் முன்னால் வர வேண்டும், விளைவு பின்னால் வர வேண்டும். சென்னை மாகாணத்தின் முதல் வகுப்புவாரி அரசாணை 1921இல் வந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர்களுக்கு நிலம் மறுக்கப்படுவதையும், அவர்கள் கடனுக்கு அடிமைப்பட்டுக் கிடப்பதையும் அறிக்கையாக எழுதினார். நாம் இன்று குடியிருக்கும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் அன்று அதே மாவட்டம்தான். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் வந்தது. விளைவு முதலில் பிறந்து, காரணம் பிறகு பிறக்குமா?

இன்னொரு சோதனை. காரணத்தை எடுத்தால் விளைவு மறைய வேண்டும். சுடுகாட்டில் இட ஒதுக்கீடு இல்லை, அங்கே சாதி இல்லையா? மணமகள் தேவை விளம்பரத்தில் இட ஒதுக்கீடு இல்லை, சாதி இல்லையா? வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறாரே வீட்டுக்காரர், அவர் எந்த அரசாணையைப் படித்துவிட்டுக் கேட்கிறார்? மருந்துச் சீட்டில் காய்ச்சல் என்று எழுதியிருப்பதால்தான் காய்ச்சல் வந்தது என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்தச் சோதனை மேல்நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதே. பூந்தமல்லியில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம். அந்தக் காஞ்சியில்தான் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லித்தருகிறார். காப்பியத்தின் 29ஆம் காதையில் பெரும்பகுதி அதுதான். ஒரு கூற்றுக்கு மூன்று உறுப்பு வேண்டும்: பக்கம், ஏது, திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது, இது பக்கம். புகை தெரிகிறதே, இது ஏது. அடுக்களையைப் போல, இது திட்டாந்தம். மூன்றிலும் போலி நுழையும் என்று எச்சரித்து, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று எண்ணியே காட்டுகிறது அந்தக் காதை. கேட்டவள் யார்? கணிகையர் குலம் என்று ஊர் ஏசிய மாதவியின் மகள். குலத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லித்தரும் அறிவு அல்ல இது.

அடுத்த பாடம் இதைவிட முக்கியம். "சாத்திரம் சொல்வதெல்லாம் சரி. சாத்திரம் சாதியைச் சொல்கிறது. ஆகவே சாதி சரி." இதன் வடிவத்தில் ஓட்டையே கிடையாது. முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். பல சீர்திருத்தக்காரர்கள் இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். சாத்திரத்தைத் தொட மாட்டோம், சாதியை மட்டும் கண்டிப்போம் என்றார்கள். அண்ணல் அம்பேத்கர் முதல் வரியிலேயே கை வைத்தார். சாத்திரங்களின் புனிதத்தை உடைக்காமல் சாதி ஒழியாது என்றார். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் அவரை உரையாற்ற அழைத்துவிட்டு, எழுதிய உரையைப் பார்த்ததும் மாநாட்டையே ரத்து செய்தது. அவர் 1936இல் அதைத் தன் செலவில் நூலாக வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. எந்த வரியைத் தாக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குப் பெயர்தான் தர்க்கம்.

இனி நம் பக்கம். "அவன் அந்தச் சாதிக்காரன், அதனால் அவன் சொல்வது பொய்" என்று நாமும் பேசுகிறோம். சொன்னவனின் சாதி அவன் நோக்கத்தைச் சந்தேகிக்கக் காரணமாகலாம். சொன்னது பொய் என்பதற்கு அது சான்றாகாது. பிறப்பை வைத்து அறிவை அளந்தவர்களை எதிர்க்கும் நாமே அதே அளவுகோலை எடுக்கலாமா? "தலைவர் சொல்லிவிட்டார், அதனால் சரி" என்பதும் போலிதான். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அண்ணல். அவர் பெயரைச் சொல்லியே நாம் பக்தி செய்தால் எப்படி?

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். தர்க்கத்தால் சாதி வெறியன் திருந்திவிட மாட்டான். அவனுக்குச் சாதியால் லாபம் இருக்கிறது, லாபத்தை எந்த வாதமும் எளிதில் கரைக்காது. அதற்குச் சட்டம் வேண்டும், அமைப்பு வேண்டும், போராட்டம் வேண்டும். ஆனால் வாய் மூடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அந்த வகுப்பு இன்னும் முடிவெடுக்கவில்லை. அவர்களுக்காகத்தான் நீ பேச வேண்டும்.

ஆகவே அந்த ஆப்டிட்யூட் புத்தகத்தைத் தூக்கிப் போடாதே, வேலையும் நமக்கு வேண்டும். கூடவே ஒரு நோட்டு வாங்கு. தினமும் வாட்ஸ்அப்பிலோ டீக்கடையிலோ சாதியைப் பற்றிக் கேட்ட ஒரு வாக்கியத்தை எழுது. கீழே மூன்று கேள்வி: இவர் நிறுவ நினைப்பது என்ன? அதற்குச் சொல்லும் காரணம் என்ன? அந்தக் காரணம் உண்மையா, உண்மையானாலும் முடிவு வருமா? ஒரு செமஸ்டர் இதைச் செய்.

அந்தத் தம்பி போன வாரம் மறுபடி வகுப்பில் எழுந்தானாம். இந்த முறை வெளியே போகவில்லை. சுடுகாட்டுக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தானாம். ஆசிரியர் சிரிக்கவில்லை.

ஜெய் பீம்!