விளையாட்டுக் காரும் வழுக்கும்

இந்த முறை பழைய புதுச்சேரிக் கதை எதுவும் இல்லை. ஒரு சண்டை போட வந்திருக்கிறேன்.

காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் போன வாரம் பொரிந்து தள்ளினார். "பசங்க வீட்டில் உட்கார்ந்து டிவியில் கார் ஓட்டிப் பழகிட்டு, அதே நினைப்போடு ரோட்டுக்கு வர்றாங்க. உங்க பேரனோட அந்தப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடுங்க சார்" என்றார். கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். அன்று மாலையே பேரன் வந்து நின்றான். ஓட்டுநர் உரிமம் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. "தாத்தா, கார் சாவியைக் குடுங்க. மழையில லெ மான் டிராக்குல முன்னூறு சுத்து ஓட்டியிருக்கேன். எல்லாம் ரியல் பிசிக்ஸ்" என்றான்.

நண்பர் சொல்வதும் தவறு, பேரன் சொல்வதும் தவறு. ஏன் என்று சொல்ல நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1983 நவம்பர். நானும் மனைவியும் ஸ்கூட்டரில் திண்டிவனம் சாலையில் வந்துகொண்டிருந்தோம். தூறல். குறுக்கே ஓர் ஆடு பாய்ந்தது. நான் கால் பிரேக்கை மொத்த பலத்தோடு மிதித்தேன். பின்சக்கரம் அப்படியே நின்றது, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டு முறிந்தது. இன்றைக்கும் மழைக்காலம் வந்தால் அந்தக் கையால் அவளால் குடத்தைத் தூக்க முடியாது. அந்த ஆட்டை நான் நாற்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆடு நிரபராதி என்று எனக்குச் சொன்னது பேரனுடைய விளையாட்டுப் பெட்டி.

அவன் வைத்திருப்பது கிரான் டூரிஸ்மோ. நிஜப் பெடலும் ஸ்டியரிங்கும் வைத்து ஆடுகிறான். பிரெஞ்சு படித்த தாத்தாவுக்காக லெ மான் பந்தயப் பாதையைப் போட்டுக் கொடுத்தான். 1923 முதல் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் இடம், ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்கும் மேல். அவன் 'முல்சான் ஸ்ட்ரெயிட்' என்ற நேர்ப்பாதையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஊனோதியேர்' என்பார்கள் என்று திருத்தினேன். அந்தப் பெருமை அரை நிமிடம்தான் நிலைத்தது. மழை. வளைவு வந்தது. பழைய புத்தி, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சக்கரங்கள் நின்றுவிட்டன. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியும் கார் திரும்பவில்லை, நேராகப் போய் இடித்தது. "காலைக் கொஞ்சம் தளர்த்துங்க தாத்தா. சக்கரம் உருண்டாத்தான் கார் திரும்பும்" என்றான். அடுத்த முறை தளர்த்தினேன். திரும்பியது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1983-இல் காலால் பாதி மிதித்து, கையால் முன்பிரேக்கையும் படிப்படியாகப் பிடித்திருந்தால் அவள் கை பிழைத்திருக்கலாம். இதை எனக்கு எந்த ஓட்டுநர் பள்ளியும் சொல்லித் தரவில்லை.

'பொம்மை' என்று சொல்லும் நண்பருக்கு இங்கே என் பதில். பள்ளியில் எங்களுக்கு இயற்பியல் பிரெஞ்சில்தான். 'ஃப்ரோத்மான்' என்றால் உராய்வு. அதன் விதிகளை 1699-இல் அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்தார் என்று மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அதற்கும் என் பிரேக் காலுக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு காரின் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். நாலு உள்ளங்கைதான் முழுக் காரையும் சாலையில் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கு முழுவதையும் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகும், லேசான சக்கரம் சீக்கிரம் வழுக்கும். நல்ல பந்தய விளையாட்டுகள் இந்தக் கணக்கை நாலு டயருக்கும் தனித்தனியாக, நொடிக்குப் பலமுறை போடுகின்றன. அதைத்தான் பேரன் விரல் நுனியில் வைத்திருக்கிறான்.

ஆதாரமும் உண்டு. 2008-இல் இதே விளையாட்டை வைத்து நடந்த தேர்வில் லூக்காஸ் ஓர்டோனெஸ் என்ற ஸ்பானிய இளைஞர் வென்றார். 2011-இல் அவர் நிஜமான லெ மான் பந்தயத்தில் ஓட்டினார், அவருடைய அணி தன் பிரிவில் இரண்டாவதாக வந்தது. பொம்மை ஓட்டிப் பழகியவர் அங்கே போய் நிற்க முடியாது.

பேரன் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும், அடுத்த அடி அவனுக்குத்தான்.

அந்த ஓர்டோனெஸை வென்ற மறுநாளே பந்தயத்துக்கு அனுப்பிவிடவில்லை. நிஜக் காரில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்த பிறகுதான் அனுப்பினார்கள். ஏன்? கார் வழுக்கத் தொடங்குவதைக் கண்ணுக்கு முன்னால் உட்காரும் இடம் சொல்லும். முதுகு சொல்லும், வயிறு சொல்லும். வீட்டு நாற்காலி எதையும் சொல்லாது. ஸ்டியரிங்கில் வரும் அதிர்வு, திரை, சத்தம், இவ்வளவுதான் அவனுக்குக் கிடைக்கும் சேதி.

இரண்டாவது, அவன் ஓட்டியது அவன் மட்டும் அல்ல. ஏபிஎஸ், டிராக்ஷன் கண்ட்ரோல் என்று உதவியாளர்கள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். மூன்றாவது வளைவில் கார் பம்பரமாகச் சுற்றியது. முன்னூறு சுற்றில் எத்தனை சுற்று அவனுடையது?

உடனே கட்சி மாறினான். "இதுதான் தாத்தா ரியல். எவ்வளவு வழுக்குதோ அவ்வளவு ரியல்." அவன் நண்பர்களும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இதுவும் பிசகு. நிஜக் கார் சாதாரண வேகத்தில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்குவதே இல்லை. மாதக்கணக்கில் சமர்த்தாகப் போகும். அதுதான் ஆபத்து. எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாமலே நாம் அதன் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருப்போம். கஷ்டமாக இருப்பதெல்லாம் நிஜம் என்றால், எங்கள் அலுவலகத்துப் பழைய கோப்புகளைவிட நிஜமானது உலகத்தில் எதுவும் இல்லை.

மூன்றாவது, சாலை. பந்தயப் பாதையில் எதிரே வண்டி வராது. வளைவில் மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணல் இருக்காது. ஆடு இருக்காது. பின்னால் மனைவி உட்கார்ந்திருக்க மாட்டாள். இடித்தால் மறுபடி தொடங்க ஒரு பட்டன் இருக்கும். 1997-இல் ஜப்பானில் வந்த முதல் பதிப்பிலிருந்தே 'ரியல் டிரைவிங் சிமுலேட்டர்' என்றுதான் இந்த விளையாட்டு தன்னைச் சொல்லிக்கொள்கிறது. டயரைப் பற்றி அது சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். 'டிரைவிங்' என்ற சொல்லை ஒப்புக்கொள்ள மாட்டேன். டிரைவிங் என்பதில் பாதி டயர், மறுபாதி அடுத்தவர் உயிர்.

நண்பருக்குக் கோபம் வர வேண்டிய இடம் வேறு. நம் ஊரில் ஸ்கூட்டருக்கு 'எட்டு' போடத் தெரிந்தால் உரிமம் கிடைக்கும். ஈரத்தில் அவசர பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யாராவது காட்டுகிறார்களா? கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் நல்ல காய்ந்த சாலையில் பிரேக் பிடித்த பின் கார் நிற்கச் சுமார் 20 மீட்டர் ஆகும். நனைந்த சாலையில் பிடிப்பு நன்றாகக் குறைந்திருந்தால் 35 மீட்டர். காலை பிரேக்குக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு நொடியில் ஏற்கெனவே 17 மீட்டர் போயிருப்போம். மொத்தம் 52. ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாது, திருப்ப முடியும். ஆனால் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது. இதை அறியாமல் உரிமம் வாங்கியவர்களில் நானும் ஒருவன், அந்த நண்பரும் ஒருவர்.

ஆகவே நான் பெட்டியைக் குப்பையில் போடவில்லை, சாவியையும் கொடுக்கவில்லை. பேரனுக்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, உதவிகளை எல்லாம் அணைத்துவிட்டு, மழையில், சுவரில் இடிக்காமல் பத்துச் சுற்று. அதை முடித்துவிட்டான், மூன்று நாள் ஆயிற்று. இரண்டு, அடுத்த மழை விட்டதும் அவன் அப்பா பக்கத்தில் உட்கார, ஆளில்லாத மைதானத்தில் நம் வீட்டுக் காரை 30-இல் ஓட்டி முழு பிரேக் போட வேண்டும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் படபடவென்று அடிக்கும். அவன் பெடலில் அது ஒருநாளும் அடித்ததில்லை. அந்த அடியை அவன் பாதம் ஒருமுறை உணர வேண்டும்.

மனைவியிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னேன். மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "பின் சீட்டில் நானும் உட்கார்றேன். ஆள் இருக்கிற நினைப்பு வரட்டும்" என்றாள். எனக்குத் தோன்றாத மூன்றாவது நிபந்தனை.

நண்பருக்கும் ஓர் அழைப்பு. ஒரு மாலை வீட்டுக்கு வந்து அந்த ஸ்டியரிங் முன்னால் உட்காருங்கள். மழை லெ மான், உதவி எதுவும் கிடையாது. முதல் வளைவைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் அப்புறம் பேசுவோம். காபி உண்டு.