லைட் அடிச்சா என்ன அர்த்தம்?

சந்தியில எதிர வாற வாகனம் லைட் அடிச்சா என்ன அர்த்தம்? "நீ போ" எண்டா, "நான் வாறன், நில்" எண்டா? எங்கட ஊரில ரெண்டுக்கும் ஒரே லைட்தான். ஸ்கூட்டியில நிண்டுகொண்டு இதை ஊகிச்சு ஊகிச்சுத்தான் நான் ஒவ்வொரு நாளும் கம்பஸ் போய் வாறன். விமானங்களுக்கும் இதே நிலைமை இருக்கு எண்டு வாசிச்சபோது உண்மையிலேயே பயம் வந்தது.

விமான நிலையம் என்றால் கட்டுப்பாட்டுக் கோபுரமும், "இறங்கு", "பொறு" என்று சொல்ல ஆட்களும் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அமெரிக்காவில் பொதுப் பாவனைக்குரிய ஏறத்தாழ 5,000 விமான நிலையங்களில் கோபுரம் இருப்பது ஐந்நூறு சொச்சத்தில்தான். மற்ற இடங்களில் விமானிகள் ஒரே ரேடியோ அலைவரிசையில் தாங்கள் எங்கே நிற்கிறோம், என்ன செய்யப் போகிறோம் என்று தாங்களே சொல்லிக்கொள்வதுதான் வழமை. கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

1996 நவம்பர் 19, மாலை 5 மணி. இலினோய்ஸ் மாநிலத்தின் குவின்சி விமான நிலையத்தில் யுனைட்டட் எக்ஸ்பிரஸ் 5925 இறங்க வந்துகொண்டிருந்தது. உள்ளே 10 பயணிகள், 2 விமானிகள். குறுக்கே வெட்டும் மற்ற ஓடுபாதையில் கிங் எயார் என்ற சிறிய விமானம் புறப்பட நின்றது. அதற்குப் பின்னால், தன் முறைக்காகக் காத்துக்கொண்டு ஒரு செரோகி.

ஓடுபாதையில் நிற்பவர் அங்கேயே நிற்கப் போகிறாரா, கிளம்பப் போகிறாரா என்று இறங்கி வந்தவர்கள் ரேடியோவில் கேட்டார்கள். கிங் எயாரிடமிருந்து பதில் இல்லை. பதில் சொன்னது பின்னால் நின்ற செரோகி. அதன் நடுவில், இறங்கும் விமானத்தின் உயரத்தை அறிவிக்கும் தானியங்கிக் குரல் குறுக்கிட்டது. காதில் விழுந்த மிச்சத்தில் "கிங் எயார்" என்ற சொல் இருந்தது. முன்னால் நிற்பவர்தான் "நிக்கிறன்" எண்டு சொல்லுறார் என நம்பி, நன்றியும் சொல்லிவிட்டு இறங்கினார்கள். செரோகி விமானி அதைத் திருத்தவில்லை. கிங் எயார் எதுவும் அறிவிக்காமல் ஓடத் தொடங்கியது. இரண்டும் ஓடுபாதைச் சந்தியில் மோதின.

இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்தவர்களைக் கொன்றது மோதல் அல்ல, புகையும் தீயும். ஓடி வந்தவர்களால் கதவைத் திறக்க முடியவில்லை. தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து வரவேண்டியிருந்தது.

கிங் எயார் விமானிகள் ரேடியோவைச் சரியாகக் கவனிக்கவில்லை, சுற்றிவரப் பார்க்கவில்லை என்று விசாரணை சொன்னது. அது உண்மைதான். ஆனா "கவனயீனம்" எண்ட ஒரு சொல்லோட கோப்பை மூடுறதை என்னால ஏற்கேலாது. மோதும் பாதையில் வருகிற விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாத புள்ளியாகத்தான் தெரியும். கண் அதைத் தவறவிடுவது இயல்பு. 2022 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் வொட்சன்வில்லில் மோதிய இரண்டு விமானங்களுமே ரேடியோவில் தங்கள் நிலையைச் சொல்லிக்கொண்டுதான் வந்தன. ஒன்று மற்றதைவிட மிக வேகமாக, நேராக வந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

எல்லா இடத்திலும் கோபுரம் கட்டக் காசில்லை எண்டது விளங்குது. ஆனால் "சொல்லியாச்சு" என்பது வேறு, "ஒத்துக்கொண்டாச்சு" என்பது வேறு. கேட்டவரிடமிருந்தே, பெயரோடு பதில் வரும்வரை அதைப் பதிலாக எடுக்கக்கூடாது. சந்தேகம் வந்தால் இறங்காமல் மேலே ஏறி ஒரு சுற்று வருவதை யாரும் வெட்கமாக நினைக்கக்கூடாது. தப்பான ஆள் பதில் சொல்வதைக் கேட்ட மூன்றாவது ஆள் வாய் திறக்கவேண்டும். டிக்கெட் விற்று ஆட்களை ஏற்றி இறக்கும் இடத்தில், எவ்வளவு சின்ன நிலையமானாலும், விமானம் வந்துபோகும் நேரத்திலாவது ஒரு தீயணைப்பு வண்டி நிற்கவேண்டும். முதல் மூன்றுக்கும் காசு தேவையில்லை. நாலாவதுக்குக் காசு வேணும்தான். அதை டிக்கெட் விலையில சேர்க்கட்டும்.

நாளைக்குச் சந்தியில ஆராவது லைட் அடிச்சா, நான் பிரேக்கை விடமாட்டன். கையைக் காட்டட்டும்.